அந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டேன், அத்தான்

என் அருமை அத்தான்,

முதலில் நல்ல செய்தி. அந்த விளையாட்டில் ஏழு மாதம் எங்களை அலைக்கழித்த குரல் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டேன். போன கிழமைதான். தனியாக இருந்து, உங்கள் கதிரையில் இருந்து.

கெட்ட செய்தி இரண்டாவது. அந்தக் கொப்பி உங்களுடையது என்றுதான் அக்கா இவ்வளவு காலமும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. "விசர் மனுசன், விளையாட்டு விளையாட்டெண்டு கொப்பியில வரைபடம் கீறி, தன்ர உயிரைத் தானே குடுத்தார்" என்று சொல்லுவா. நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் திருத்தவில்லை.

கொப்பி என்னுடையது. அதில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் என் கை எழுதியது. உங்களை அடித்துக் கொன்றது அந்தக் கொப்பிக்காக. இனி எல்லாரும் அறியட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அக்காவிடம் முதலில் நேரே போய்ச் சொல்லிவிட்டேன். அவ என்ன சொன்னா என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அவசரப்படுத்தாதேயுங்கோ.

கடை இப்போதும் வெள்ளவத்தையில் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறது. விளையாட்டு சீடி இப்போது ஒருவரும் வாங்குவதில்லை. போன் கவரும் சார்ஜரும்தான் ஓடுகிறது. பதினெட்டு வயதில் புறக்கோட்டை நடைபாதையில் குடை விற்றுத் தொடங்கினவன் நான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் சாமானைத் திருப்பி வைக்க எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் புத்திதான் உங்கள் விஷயத்திலும் வேலை செய்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நீங்கள் கொட்டாஞ்சேனை இரும்புக்கடையில் வேலை முடித்து, பஸ் ஏறி, ஆறு மணிக்கு என் கடைக்கு வருவீர்கள். வீட்டில் நின்றால் அக்கா ஏதாவது வேலை தருவா என்ற பயம். பிறத்தியாரோடு சத்தம் போட்டுக் கதைக்காத மனுசன், கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தால் வேறு ஆள்.

அந்த விளையாட்டை வாசிக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் ஒரு ஊர். கையில் கோடாலியோடு ஒருவன். ஊரின் இந்தத் தலையில் இருந்து அந்தத் தலைக்குப் போய், தன் வீட்டை எரித்தவனைப் பிடிக்க வேண்டும். வழியில் மறிக்கிறவர்களை வெட்டலாம், சுடலாம், விட்டுவிட்டும் போகலாம். அவன் போகப் போகப் பின்னால் ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டே வரும். "அவன் மா அரைக்கும் ஆலைக்குள் நுழைந்தான். படிக்கட்டில் நின்றவனின் கழுத்தில் வெட்டினான். இரத்தம் மாவில் விழுந்தது." கோபமும் இல்லை, கவலையும் இல்லை, வானிலை வாசிக்கிற மாதிரி ஒரு குரல். கடைசியில் திரை கறுத்து, "நான் யார்?" என்று கேட்கும். ஒரு விடைதான் எழுதலாம். விடை பிழையென்றால் எல்லாம் அழிந்து முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

இன்டர்நெட்டில் தேடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். நீங்கள் விடவில்லை. "அடுத்தவன் அவிழ்த்த முடிச்சு எனக்கென்னத்துக்கு?" என்றீர்கள்.

முதல் முறை 'செத்துப்போன தகப்பன்' என்று எழுதினோம். அழிந்தது. இரண்டாம் முறை 'கிழவனாகிப் போன அவனேதான்' என்று எழுதினோம். அதுவும் அழிந்தது. பக்கத்துக் கடை முஸ்லிம் நானா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். "அது மலக்குத்தான் தம்பி. மனுசன்ட ரெண்டு தோள்லயும் இருந்து நல்லதையும் கெட்டதையும் எழுதுற மலக்கு. இதுக்குப் போய் இவ்வளவு மண்டைய ஒடைக்கிறீங்களே."

"அப்ப எங்கட சித்திரகுப்தனும் அவரும் ஒரே கந்தோரிலயோ வேலை நானா?" என்றீர்கள்.

"ஒங்கட மச்சினன் ஊரையே வெட்டிப் போட்டுட்டு நக்கல் வேற பேசுறாரு பாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கொப்பி என் யோசனை. உங்கள் இரண்டு கையும் கீபோட்டில் இருந்ததால் பேனை என் கையில் இருந்தது. கடைக்காரனுக்கு ராக்கையில் என்ன இருக்கிறது என்பதை விட என்ன இல்லை என்பதுதான் முக்கியம். அதே மாதிரி அந்தக் குரல் எந்த இடத்தில் பேசுகிறது, எந்த இடத்தில் பேசாமல் இருக்கிறது என்று குறிக்கத் தொடங்கினேன். அதற்கு இடம் தெரிய வேண்டுமே? ஆகவே ஒவ்வொரு கட்டிடத்தையும் படமாகக் கீறினேன். வாசல், படிக்கட்டு, பின்கதவு, காவல்காரர் நிற்கிற இடம், எத்தனை பேர், எப்போது மாறுவார்கள், எல்லாம். குரல் பேசின அறைக்குச் சிவப்பில் புள்ளடி. பேசாத அறைக்கு வட்டம்.

மூன்றாம் முறை விளையாடும்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. முதல் முறை மாவாலையில் குரல் பேசியது. இந்த முறை ஒரு சொல்லும் இல்லை. அதே ஆலை, அதே படிக்கட்டு. "எங்கயோ ஒண்டு மாறியிருக்கு மச்சான், எழுதி வை, நாளைக்குப் பாப்பம்" என்றீர்கள். பக்கத்தின் மேல் மூலையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே வந்துவிட்டீர்கள்.

அதற்கு முதல் நாள் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் ஆமியும் பொலிஸும் அடைத்தார்கள். சுற்றிவளைப்பு எங்களுக்குப் புதிதா? அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கடைப் பதிவு எல்லாம் ஒரு உறையில் போட்டு மேசை லாச்சியின் மேல்தட்டிலேயே வைத்திருந்தேன். எல்லாம் சரி என்று எனக்கு ஒரு திமிர்கூட இருந்தது. கொப்பி கம்ப்யூட்டர் மேசையில் கிடந்தது. மறைக்க வேண்டிய சாமான் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை, அத்தான். இந்த நகரத்தில் தமிழில் வரைபடம் கீறி, காவல்காரரின் எண்ணிக்கையை எழுதி, மேசையில் விட்டுவைத்த ஒரே வியாபாரி நானாகத்தான் இருப்பேன்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பொலிஸ்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். "பாலத்தில் காவல் நாலு பேர். மணி அடித்தால் இரண்டு பேர் இறங்குவார்கள். அப்போது பின்பக்கத்தால் போ. ஒருவரையும் உயிரோடு விடாதே." ஒவ்வொரு வரியையும் சிங்களத்தில் திருப்பிச் சொன்னான். சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம் மாறியது. இதை எழுதின கைக்கே அந்த நேரத்தில் அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

விளையாட்டு என்று சிங்களத்தில் சொன்னேன். போட்டுக் காட்டுகிறேன் என்று கம்ப்யூட்டரைத் தொடப் போனேன். ஒரு சிப்பாய் பூட்ஸ் காலால் அதை உதைத்துவிட்டான். அடுத்த அடி என் காதைப் பொத்தி விழுந்தது.

அதிகாரி கொப்பியைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார். "மேக்க காகெத?"

இது யாருடையது?

உங்களைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தும் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டார். புறக்கோட்டையில் பத்து வருஷம் சிங்களத்தில் பேரம் பேசின வாய் என்னுடையது. 'என்னுடையது' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் என்ன செய்தேன்? உங்கள் பக்கம் திரும்பி, ஏதோ உதவி செய்கிற மாதிரி, கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"அத்தான், இது ஆரின்ர எண்டு கேக்கிறார்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்க்கவில்லை. இரும்புக்கடையில் ஒரு பாரத்தைத் தூக்க முதல் எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படி. பிறகு சொன்னீர்கள். "என்ர."

அதையும் நான்தான் சிங்களத்தில் சொன்னேன். "எயாகே, சேர்." அவருடையது, சேர். இந்த இரண்டு சொல்லும் என் வாயில் இருந்து போனவை.

ஒரு சிப்பாயின் துவக்குப் பிடி உங்கள் வாயில் இறங்கியது. விழுந்த உங்களை முடியில் பிடித்துத் தூக்கி, முகத்தை மொனிட்டரில் மோதினான் ஒருவன். கண்ணாடி உடைந்து கன்னத்தில் ஏறியது. இரண்டு பேர் மாறி மாறி விலாவில் உதைத்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் உங்களில் இருந்து ஒரு காற்று மட்டும் வெளியே வந்தது. நான் முழங்காலில், கை இரண்டும் தலைக்குப் பின்னால். கீபோட்டில் இரண்டு பல்லு கிடந்தது. கையைப் பின்னால் கட்டி, காலில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வாசல்படி மூன்றிலும் உங்கள் தலை அடிபட்டது.

என்னையும் கொண்டுபோவார்கள் என்றுதான் இருந்தேன். அதிகாரி என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்து, தோளில் தட்டினார். "ஒயா கடே பலாகன்ன." நீ கடையைப் பார்த்துக்கொள். நான் தலையாட்டினேன்.

சீடியோடும் நானாவோடும் மூன்று தரம் பொலிஸுக்குப் போனேன். முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் நானாவைப் பிடித்துத் தள்ளினார்கள். மூன்றாம் நாள் சீடியை உடைத்து என் கையில் தந்தார்கள். அப்போதும், கொப்பி என்னுடையது என்று நான் வாய் திறக்கவில்லை. விளையாட்டு, விளையாட்டு என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் கிழமை உங்களைப் பார்க்க விட்டார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து இருத்தினார்கள். பாதத்தை நிலத்தில் வைக்கவே முடியவில்லை. இடது கையில் மூன்று விரலுக்கு நகம் இல்லை. பெற்றோல் ஊற்றின பையைத் தலையில் கட்டினார்கள் என்று சொல்லும்போது, அதன் மணம் இன்னும் உங்கள் தோலில் இருந்தது.

"அக்காட்டப் பல்லுப் போனதைச் சொல்லிப்போடாதை. முறுக்குச் சுடுறதை விட்டிடுவா" என்றீர்கள். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

"அத்தான், நான் போய்ச் சொல்லுறன், கொப்பி என்ரதெண்டு."

"விசர்க் கதை கதையாதை. ரெண்டு பேரும் உள்ளுக்க இருந்தா அவளை ஆர் பாக்கிறது? ஒருத்தருக்கும் சொல்லாதை."

பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "சிங்களத்தில எழுதின பேப்பரில ஒப்பம் வைச்சிட்டன். எத்தினை பக்கமெண்டு தெரியாது. ஒருத்தன் மேசையில இருந்து எழுதிக்கொண்டே இருந்தவன். அடிக்கேக்க எழுதமாட்டான். ஆராவது வாய் திறந்தால் மட்டும் எழுதுவான்." வலைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தீர்கள். "மச்சான், அந்தக் குரல் ஆரெண்டு எனக்கு விளங்கிட்டுது."

"ஆர்?"

வலைக்குப் பின்னால் அந்த வாயால் சிரித்தீர்கள். "நீயும் மூளையைப் பாவிச்சுப் பாரன். வெளிய வந்து சொல்லுறன்." அதற்குள் நேரம் முடிந்தது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதில் இருந்து ஒன்பதாம் நாள் உடம்பைத் தந்தார்கள். சிறுநீரகம் பழுது என்று ஒரு துண்டு. பிரேதம் உடுத்துகிற மலர்ச்சாலையில் உங்களுக்குக் கோட்டும் சப்பாத்தும் போட்டு, பெட்டியை மூடவே அவசரப்பட்டார்கள். அக்கா ஒருவரையும் கேட்காமல் சப்பாத்தைக் கழற்றினா. சொக்ஸைக் கழற்றினா. உள்ளங்கால் இரண்டும் கத்தரிக்காய் சுட்ட மாதிரிக் கறுத்து, வெடித்துக் கிடந்தது. அவ கத்தவில்லை. காலில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஏனப்பா கொப்பி கொப்பியெண்டு கீறினனீங்கள்?" என்று கேட்டா. நான் தலைமாட்டில் நின்றேன்.

'ஒருத்தருக்கும் சொல்லாதை' என்று நீங்கள் சொன்ன சொல்லை நான் எப்படிப் பாவித்தேன் தெரியுமா? உறையில் போட்டு மேல்தட்டில் வைத்தேன், கடைப் பதிவு மாதிரி. மனம் கேட்கும்போதெல்லாம் எடுத்துக் காட்டினேன். அக்கா என்ன நடந்தது என்று கேட்டபோது, "அவராத்தான் முந்திக்கொண்டு என்ர எண்டு சொன்னவர்" என்றேன். பொய் இல்லைத்தானே? ஆனால் கேட்ட கேள்வியை உங்கள் பக்கம் திருப்பினது யார் என்பதை விட்டுவிட்டேன்.

போன கிழமை ராக்கைகளை மாற்றும்போது அந்த விளையாட்டின் இன்னொரு பிரதி வந்தது. மத்தியானம், வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டேன். நான் ஒரு நாளும் விளையாடினவன் இல்லை. கோடாலியை ஓங்கினால் சுவரில் பட்டது. சுட்டால் கூரையில் பட்டது. எல்லாரும் தப்பி ஓடினார்கள். ஆலைக்காரன் ஓடினான், அவன் பெண்சாதி ஓடினா, பாலத்துக் காவல் நாலு பேரும் ஓடினார்கள்.

அத்தான், குரல் வாய் ஓயவில்லை. ஒவ்வொரு அறையிலும் பேசியது. நாங்கள் வட்டம் போட்ட இடமெல்லாம் பேசியது.

அன்று மாவாலையில் என்ன மாறியது என்று அப்போதுதான் விளங்கியது. முதல் முறை நீங்கள் ஆலைக்காரன் பெண்சாதியை விட்டுவிட்டுப் போனீர்கள். மூன்றாம் முறை அவவையும் வெட்டினீர்கள். உயிரோடு ஒருவராவது மிஞ்சின அறையில்தான் குரல் பேசும். எல்லாரும் செத்த அறையில் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அது பார்த்தவனின் குரல் இல்லை. தப்பினவர்களைக் கூப்பிட்டு இருத்தி, அவர்கள் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதினவனின் குரல்.

'வாக்குமூலம் எழுதுகிற கிளாக்கர்' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். திரை வெளிச்சமானது. ஒரு மேசை, ஒரு பேனை, கண்ணாடி போட்ட ஒரு சாதாரண மனுசன். எதிரே கையில் விலங்கோடு நம்முடைய கோடாலிக்காரன். "உன்னைப் பற்றி அவர்கள் சொன்னது இவ்வளவுதான்" என்றது குரல். விளையாட்டு முடிந்தது.

நீங்கள் அதைக் கண்டுபிடித்தது எந்த மேசைக்கு முன்னால் என்று நினைத்தபோது கதிரையில் இருக்க முடியவில்லை. கடையை மூடிவிட்டுக் கடற்கரை வரைக்கும் நடந்தேன். அன்று அந்தக் கடைக்குள் நடந்ததற்கு உயிரோடு மிஞ்சின ஆள் நான் ஒருவன். நான் வாய் திறக்காத வரைக்கும் அங்கே வட்டம்தான்.

ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்கா இப்போது தையல் மெஷினோடு ஒரு அறையில் இருக்கிறா. நான் சொல்லச் சொல்லத் தைத்துக்கொண்டே கேட்டா. கேள்வியை நான் தமிழில் சொன்ன இடம் வந்ததும் மெஷின் நின்றது.

"ஏன்டா அவருக்குத் தமிழில சொன்னனீ?"

"அத்தானுக்குச் சிங்களம் ஓடாதே அக்கா."

"பதினொரு வருஷம் இரும்புக்கடையில நிண்ட மனுசன்டா. வாசிக்கத்தான் தெரியாது. 'காகெத' விளங்காதோ அவருக்கு? ஒரு நாளைக்கு நூறு தரம் சாமானைத் தூக்கிக் காட்டி அதைத்தானே கேக்கிறவர்?" கத்தரிக்கோலைக் கீழே வைத்தா. "அவருக்கு முதலே விளங்கியிருக்கும். நீ என்ன சொல்லுறாயெண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டிருப்பார்."

எனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை, அத்தான். உண்மையா? நான் திரும்பி வாய் திறக்கிற வரைக்கும் பொறுத்திருந்தீர்களா?

அக்கா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. மெஷினில் இருந்த துணியை இழுத்தெடுத்து, "இத்தினை வருஷம் செத்த மனுசனை ஏச வைச்சிட்டியேடா என்னை" என்றா. பிறகு சொன்னா. "எனக்குச் சொல்லி என்ன? உள்ளுக்க செத்தவையளைப் பற்றி இப்ப விசாரணை ஆணைக்குழுவில எழுதி எடுக்கினம். அங்க போய்ச் சொல்லு. சிங்களத்தில எழுதுவினம். எழுதினதைத் தமிழில வாசிச்சுக் காட்டாமல் ஒப்பம் வைச்சியோ, இந்தப் படியில கால் வைக்கப்படாது."

வியாழக்கிழமை போகிறேன். கடை பூட்டு. என்ன கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டேன். கொப்பி எழுதினது நான், கேள்வியைத் திருப்பினதும் நான் என்று சொல்லுவேன். உங்கள் வாயில் துவக்கு இறங்கினதில் இருந்து மூன்று வாசல்படி வரைக்கும் ஒன்றும் விடாமல் சொல்லுவேன். எழுதி முடிகிற வரைக்கும் எழும்பமாட்டேன், இது சத்தியம். அக்காவும் வருகிறா. என்னோடு கதைக்கிறா இல்லை. ஆனால் எந்தப் பஸ் என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறா.

உங்கள் பெண்சாதியின் தம்பி,
நீங்கள் விட்டுக்கொடுத்த உயிரோடு இன்னும் கடை நடத்துகிற மச்சான்